பொலோனியாவா, நேப்பிள்ஸா? சாப்பாட்டுக்காகவே முதல் ஐரோப்பியப் பயணம்

சத்துவாச்சாரி டிபன் கடை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் சத்துவாச்சாரியில் டிபன் கடை நடத்துகிறோம். காலையில் இட்லி, பொங்கல், பூரி, மாலையில் பரோட்டா. பரோட்டாக் கல்லின் முன் நிற்பவர் அவர். சட்னி, சாம்பார், குருமா எல்லாம் என் கை. கடை ஆரம்பித்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியூர் போனதென்றால் திருப்பதியும் உறவினர் கல்யாணங்களும்தான்.

இப்போது மகள் நன்றாகச் சம்பாதிக்கிறாள். மே மாதம் கடையை மூடிவிட்டு இத்தாலிக்குப் போய்வாருங்கள், விமான டிக்கெட் என் செலவு என்கிறாள். மே மாதத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். வேலூர் வெயிலில் அடுப்படியில் நிற்பதும் பெரும்பாடு. அதனால் எங்களுக்கும் சம்மதமே.

கோபுரம், கோட்டை, சிலை என்று ஓடுவதில்லை என்று முன்பே முடிவு செய்துவிட்டோம். சாப்பாட்டுக்காகத்தான் போகிறோம். அவர்கள் எப்படி மாவு பிசைகிறார்கள், அடுப்பை எப்படி வைத்திருக்கிறார்கள், காலையில் சந்தையில் என்ன வாங்குகிறார்கள், ஏழை வீட்டில் இரவுக்கு என்ன கொதிக்கிறது, இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரே ஊரில் தங்கி, ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போய், கடைக்காரருக்கு எங்கள் முகம் பழகும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மகள் பொலோனியாவுக்குப் போகச் சொல்கிறாள். இத்தாலியர்களே சாப்பாட்டுக்குப் பெயர் சொல்லும் ஊராம். கணவருக்கோ நேப்பிள்ஸ். பீட்சா தட்டுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அந்த ஊர் அவர் மனதில் பதிந்துவிட்டது.

எங்கள் சாப்பாட்டு முறையையும் சொல்லிவிடுகிறேன். நான் இறைச்சி, மீன் எதுவும் சாப்பிட மாட்டேன். முட்டையும் பாலும் சாப்பிடுவேன். அவர் ஆடு, கோழி, மீன் சாப்பிடுவார். மாடும் பன்றியும் தொட மாட்டார். நின்று நின்று அவருக்கு முழங்கால் வலி உண்டு, அதிகமாகப் படி ஏற முடியாது. பெரிய ஓட்டல்களில் செலவு செய்யும் எண்ணம் இல்லை.

பட்டியல்கள் நிறையப் படித்துவிட்டோம். அங்கே இருந்து சாப்பிட்டவர்கள் யாராவது சொன்னால் நம்பிப் போவோம்.


ராணிப்பேட்டை தோல்

சகோதரி, வணக்கம். நீங்கள் கேட்ட இரண்டு ஊர்களிலும் எனக்குப் பழக்கம் உண்டு. தோல் வியாபாரம் என்பதால் முதலில் அறிமுகமானது பொலோனியா. லீனியாபெல்லே என்ற பெரிய தோல் கண்காட்சி 2014இல் மிலானுக்கு மாறும் வரை அங்கேதான் நடந்தது. கண்காட்சி நாட்களில் அந்த ஊர்த் தெருக்களில் நடந்தால் ஆம்பூர், வாணியம்பாடி முகங்கள் எதிரே வரும். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் சொலோஃப்ரா என்ற ஊரில் தோல் பதனிடும் ஆலைகள் உண்டு. அந்த வழியாக எனக்கு நேப்பிள்ஸ் பழகியது.

பொலோனியா மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் நீங்கள் இருவரும் போக வேண்டிய ஊர் நேப்பிள்ஸ். அதற்கான காரணம் உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலேயே இருக்கிறது.

பொலோனியாவின் பெயரைத் தாங்கி நிற்கும் சாப்பாடுகளைப் பாருங்கள். தால்யத்தெல்லே என்ற நாடா பாஸ்தாவின் மேல் ஊற்றும் ராகூ, மாட்டிறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது. தொர்த்தெல்லினி என்ற சின்ன அடைத்த பாஸ்தாவுக்குள் இருப்பது பன்றி இறைச்சி. அது மிதப்பது இறைச்சிச் சாற்றில். மோர்த்தடெல்லா என்ற பெரிய சாசேஜ் முழுக்கப் பன்றி. பச்சை லசான்யாவின் அடுக்குகளுக்கு நடுவிலும் அதே ராகூ. இவையெல்லாம் உலகத் தரமான சாப்பாடு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்களில் ஒருவர்கூட இவற்றில் ஒரு வாய் வைக்க முடியாது. கறி சாப்பிடாதவரை ஆம்பூருக்குப் பிரியாணிக்கு அழைத்துப் போய், தட்டில் கத்தரிக்காயும் வெங்காயப் பச்சடியும் மட்டும் வைப்பது போல ஆகிவிடும்.

நேப்பிள்ஸ் அப்படி இல்லை. அந்த ஊரின் தலையாய சாப்பாடே உங்களுக்கானது. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான்; சீஸ்கூட இல்லை. மர்கெரீத்தாவில் தக்காளி, மொசரெல்லா, பேசில் இலை. பேசில் நம் திருநீற்றுப்பச்சிலையேதான். அங்கே வளர்க்கும் வகையில் காரம் குறைவு, இனிப்பு அதிகம். 1870இல் தொடங்கிய தா மிக்கேலே என்ற கடை காலங்காலமாக இந்த இரண்டு பீட்சாக்களை நம்பியே நடந்திருக்கிறது. ராஜா வீட்டுப் பிள்ளையும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே மேசையில் அதைச் சாப்பிடுகிறார்கள். சாதாரணக் கடைகளில் ஒரு முழு மர்கெரீத்தா ஐந்து முதல் எட்டு யூரோவுக்குள் கிடைத்துவிடும்.

உங்கள் வீட்டுக்காரருக்காக ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். பீட்சாக் கடையில் மேசைக்குப் போகாமல், முதலில் மாவுப் பலகைக்கு எதிரில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். மாவில் மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் கிடையாது. நம் பரோட்டா மாவை எண்ணெயில் ஊற வைக்கிறோம். அங்கே எண்ணெய் ஒரு சொட்டும் மாவுக்குள் போகாது. மணிக்கணக்கில் ஊறிப் புளித்த உருண்டையை எடுத்து, விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்துவார். காற்று முழுவதும் ஓரத்துக்குத் தள்ளப்படும். ஓரத்தை மட்டும் விரல் தொடாது. பிறகு ஒரு கையால் பிடித்து, மறு கையால் இழுத்து, பலகையில் அறைந்து திருப்புவார். உருட்டுக்கட்டை அங்கே கண்ணில் படாது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலை. உங்கள் வீட்டுக்காரரின் மணிக்கட்டும் தினமும் இந்த வேலையைத்தானே செய்கிறது! அவருக்கு மொழி தேவைப்படாது. எதிரில் நிற்பவர் தொழில்காரர் என்று அந்த மாஸ்டருக்கும் கண்ணைப் பார்த்தே தெரிந்துவிடும்.

விறகடுப்பின் வெப்பம் 480 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்கும். பீட்சா உள்ளே இருப்பது 60 முதல் 90 விநாடிதான். ஓரம் உப்பி அங்கங்கே கருத்திருக்கும். நடு ஈரமாக, மெத்தென்று, கையில் எடுத்தால் தொங்கும். மொறுமொறுப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முதலில் திகைப்பார்கள், ஆனால் அந்த ஊர்ப் பக்குவமே அதுதான். 1984இல் ஒரு சங்கம் அமைத்து இந்த முறைக்கு விதிகள் எழுதினார்கள். 2017இல் யுனெஸ்கோ பீட்சா மாஸ்டர்களின் கைவினையைப் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது. கல் முன்னால் நிற்கிற ஒரு தொழிலாளிக்கு உலகம் அப்படி மரியாதை செய்த ஊரை உங்கள் வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அடுத்து உங்களுக்கு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைச் சமைத்த கைகளுக்கு நேப்பிள்ஸ் கத்தரிக்காய் பர்மிஜியானா பிடித்துப்போகும். நீளவாக்கில் சீவிய கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்து, தக்காளிச் சாறு, பேசில், சீஸ் என்று அடுக்கடுக்காக வைத்து அடுப்பில் சுடுவார்கள். சூடாகச் சாப்பிடுவதைவிட ஆறிய பிறகு சாப்பிட்டால் சுவை கூடுகிறது. உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

ஏழை வீட்டில் இரவுக்கு என்ன கொதிக்கிறது என்று கேட்டீர்கள். பாஸ்தாவும் பயறும். வெள்ளைப் பீன்ஸ் அல்லது கொண்டைக்கடலையை வேகவைத்து, அதே பானையில் பாஸ்தாவைப் போட்டுக் கெட்டியாகும் வரை கிளறுவார்கள். முன்பு கடைகளில் மூட்டையின் அடியில் தங்கிய உடைந்த பாஸ்தாத் துண்டுகளை, எல்லா வடிவமும் கலந்து, மலிவாக விற்பார்கள். இன்றைக்கு அந்தக் கலவையையே வேண்டுமென்று கேட்டு வாங்கி இந்தக் குழம்பில் போடுகிறார்கள். உருளைக்கிழங்குடனும் இதே சமையல் உண்டு. பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு மீனுக்குக் குறைவில்லை. நெத்திலி வகை மீனைப் பொரித்துக் காகிதக் கூம்பில் போட்டுத் தெருவிலேயே தருவார்கள்.


மேல்விஷாரம்

ராணிப்பேட்டை அண்ணன் சொன்னது சரி. ஆனால் பன்றி தவிர்ப்பவர்கள் நேப்பிள்ஸிலும் கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கக் கூடாது. நான் ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவன். இதில் எனக்கு அக்கறை அதிகம்.

ஸ்ஃபோல்யத்தெல்லா என்று சிப்பி வடிவத்தில் அடுக்கடுக்காக ஒரு இனிப்பு எல்லாக் கடை வாசலிலும் இருக்கும். பார்த்தால் சைவம். உள்ளே ரிக்கோத்தா சீஸும் ரவையும்தான். ஆனால் மேல்மாவைப் பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பு தடவித்தான் அடுக்குகிறார்கள். மிளகு போட்ட தராலி என்ற வளைய முறுக்கிலும் அதே கொழுப்பு. எண்ணெயில் பொரிக்கும் பீட்சாவின் உள்ளே பன்றிக் கொழுப்பு வறுவல் வைப்பது வழக்கம். வாங்கும் முன் "ஸ்த்ருத்தோ?" (பன்றிக் கொழுப்பா?) என்று கேளுங்கள். அந்த ஒரு சொல் போதும், மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

சகோதரிக்கு இன்னொன்று. பர்மிஜியானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள். பழைய முறைச் சீஸ்கள் பலவற்றிலும் அப்படித்தான். உங்கள் சைவத்தில் அது அடங்குமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள். அடங்காது என்றால் மரினாரா பீட்சா உங்களைக் காப்பாற்றும். பொலோனியாவில் உங்கள் பாடு மிகவும் சிரமம்.

பெட்டியில் நெய் வைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பருப்புப் பொடி வைத்துக்கொள்ளலாம்.


வாலாஜா மாணவி

அக்கா, நான் பொலோனியாவில் படித்தவள். மேலே எழுதியவர்கள் சாப்பாட்டு விஷயத்தில் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் கறியை மட்டும் வைத்து அந்த ஊரை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாவு பிசைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பொலோனியாவில் அது பெண்களின் கை. ஸ்ஃபோலீனா என்று அவர்களுக்குப் பெயர். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. மரப்பலகையில் பிசைந்து, ஒரு கை நீளத்துக்கு மேலிருக்கும் உருட்டுக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து, பலகையின் ஓரத்துக்கு வெளியே தொங்கும் அளவுக்கு விரிப்பார்கள். தொங்கும் பகுதியை வயிற்றால் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் தேய்ப்பார்கள். விரித்த மாவைத் தூக்கிப் பிடித்தால் அதன் ஊடே குன்றின் மேலிருக்கும் சான் லூகா கோயில் தெரிய வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். இதை நீங்கள் பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை. அரை நாள் வகுப்பில் சேர்ந்து உங்கள் கையாலேயே செய்யலாம்.

சைவத்துக்கும் வழி இருக்கிறது. தொர்த்தெல்லினியின் பெரிய அக்கா தொர்த்தெல்லோனி; உள்ளே ரிக்கோத்தா சீஸ், மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். மே மாதம் என்பதால் ஊருக்குப் பக்கத்து அல்தேதோவிலிருந்து பச்சை அஸ்பாராகஸ் வந்து குவியும். அதைப் போட்ட தால்யத்தெல்லே கிடைக்கும். மாதக் கடைசியில் விஞ்ஞோலாவின் செர்ரிப் பழம். அரிசியைப் பாலில் வேகவைத்து, சர்க்கரை, பாதாம், முட்டை சேர்த்துச் சுட்டு, சாய்சதுரமாக வெட்டித் தரும் ஒரு கேக் உண்டு. கோடைத் தொடக்கத்தில் வரும் தேவாலயத் திருவிழாவோடு சேர்ந்த பலகாரம் அது. அயல்நாட்டில் ஒரு பாலரிசிப் பலகாரத்தைக் கடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முழங்கால் வலி பற்றியும் யோசியுங்கள். பொலோனியாவின் தெருவோரங்களில் கூரை போட்ட நடைமண்டபங்கள் மொத்தம் 62 கிலோமீட்டர் இருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. பெரும்பாலும் சமதளம், மழையும் வெயிலும் படாது. மாமா நிதானமாக நடக்கலாம். நேப்பிள்ஸில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமான கருங்கல் தெருவில் நடக்க வேண்டும்.

பொலோனியாவிலிருந்து அரை மணிக்குள் ரயிலில் மோதெனா. மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டு ஊறும் திராட்சைக் காடியின் ஊர். பர்மிஜியானோ செய்யும் பால்பண்ணைக்குக் காலையிலேயே போனால், செம்புக் கொப்பரையிலிருந்து சீஸைத் துணியில் அள்ளித் தூக்குவதைப் பார்க்கலாம். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பால். சாப்பிடாவிட்டாலும் இதைப் பார்ப்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் பெரிய பாடம்.


சத்துவாச்சாரி டிபன் கடை

மூவருக்கும் நன்றி. இரவு கடை மூடிய பிறகு கணவருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பீட்சா மாவில் ஓரத்தைத் தொடுவதில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். காற்று அங்கே இருந்தால்தான் ஓரம் எழும், அதுதான் காரணம் என்று அவரே விளக்கினார்.

வாலாஜாத் தங்கை எழுதிய மாவு விரிப்பு என் மனதை இழுக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் தட்டில் இருப்பது என்ன என்று ஒவ்வொரு வேளையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடும் ஊரில் எங்களால் மனம்விட்டு இருக்க முடியாது. சீஸ் விஷயத்தில் நான் அவ்வளவு கடுமை பார்க்கப் போவதில்லை. நேப்பிள்ஸ் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம்.

அண்ணா, இன்னும் சில கேள்விகள். எந்தப் பகுதியில் தங்கினால் சந்தை பக்கம்? படி ஏறாமல் சமாளிக்க முடியுமா? ஒரு நாள் பொலோனியாவுக்குப் போய்த் திரும்பலாமா? விசாவுக்கு எப்போது ஆரம்பிக்க வேண்டும்?


ராணிப்பேட்டை தோல்

மிகவும் மகிழ்ச்சி, சகோதரி.

மோந்தெசாந்தோ நிலையத்தின் பக்கம், தொலேதோ தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை பாருங்கள். பிஞ்ஞசெக்கா சந்தை அங்கேயே இருக்கிறது. காலையில் மீனும் காய்கறியும் ஒரே குறுகலான தெருவில் குவிந்திருக்கும், விற்கிறவர்கள் கூவிக்கொண்டிருப்பார்கள். சின்ன அடுப்படியுள்ள வீடாக எடுத்தால் சந்தையில் வாங்கியதை நீங்களே சமைத்துப் பார்க்கலாம். அறை எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய கட்டடங்களில் பலவற்றில் கிடையாது. மேட்டுக்குப் போக ஃபுனிகோலாரே என்ற கயிற்று ரயில் இருக்கிறது, மோந்தெசாந்தோவிலிருந்தே புறப்படுகிறது. வோமெரோ மேட்டுக்கு அதிலேயே போய்விடலாம், மேட்டை நடந்து ஏற வேண்டாம். கைப்பையைக் குறுக்காக, முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். எரிமலையில் புதைந்த பொம்பெயி என்ற பழைய நகரத்துக்குப் போகும் ரயிலில் நெரிசல் அதிகம், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

பொலோனியாவுக்கு அதிவேக ரயிலிலேயே போக மூன்றரை மணி நேரம் ஆகும். ஒரு நாளில் போய்த் திரும்பினால் அவர் முழங்காலுக்கும் நல்லதல்ல, மாவு வகுப்புக்கும் நேரம் போதாது. ஒரே ஊரில் இருந்து முகம் பழக வேண்டும் என்று எழுதினீர்களே, அதை விட்டுவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ரோமில் இறங்குவது வசதி. விமான நிலையத்திலிருந்து தெர்மினி நிலையத்துக்கு ரயிலில் அரை மணி. அங்கிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம்.

விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்கும் குறைவாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். மே மாதத்துக்கு நெரிசல் இருக்கும், பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பியுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். சொந்தக் கடை என்பதால் கடையின் பதிவுச் சான்று, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். டிக்கெட் செலவு மகளுடையது என்றால் அவருடைய கடிதமும் அவர் வங்கி விவரமும் சேர வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தைக் கவனியுங்கள். மதியம் இரண்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும், இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். நடுவில் பசித்தால் நான்காக மடித்துக் கையில் தரும் சின்ன பீட்சா இருக்கிறது. பில்லில் கொப்பெர்த்தோ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ சேர்ந்திருந்தால் பதற வேண்டாம். அது உட்கார்ந்து சாப்பிடுவதற்கான வழக்கமான தொகை. காபியைக் கவுண்டரில் நின்றே குடியுங்கள், விலை குறைவு. முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பார்கள், அதைக் குடித்துவிட்டுத்தான் காபி. முன்பின் தெரியாத ஒருவருக்காக இன்னொரு காபிக்கும் காசு கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் அந்த ஊரில் உண்டு. நான் கொடுக்காமல் வந்ததில்லை.

சிலை பார்க்க ஓட மாட்டோம் என்றீர்கள். ஆனாலும் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஒரு காலை வேளையைக் கொடுங்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது கரியாகிப்போன ரொட்டி அங்கே இருக்கிறது. வட்டமாக, எட்டுத் துண்டாகப் பிய்ப்பதற்கு மேலே கோடு போட்டது. பொம்பெயியில் அப்படிப்பட்ட ரொட்டி சுட்ட கடைகளின் அடுப்பும் மாவரைக்கும் கல் இயந்திரமும் இன்னும் நிற்கின்றன. உங்கள் வீட்டுக்காரர் அந்த அடுப்பின் வாயைக் கட்டாயம் எட்டிப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை; வேறு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.